கண் கொடுத்த ஊர்கள்

சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இரண்டு கண்களும் ஒரே ஊரில் கிடைத்துவிடவில்லை. திருவொற்றியூர் எல்லையில் பார்வையை இழந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றொரு கண்ணும் வந்தது. ஆகவே, கண்ணுக்காக ஊர் ஊராக யாத்திரை செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இன்றைக்கும் சமயபுரம் போன்ற ஸ்தலங்களில், வெள்ளித் தகட்டில் செய்த கண்மலரைக் கையில் பொத்திக்கொண்டு நிற்கும் பக்தர்களைப் பார்க்கலாம்.

வாசகர்களை நான் இப்போது அழைத்துப் போக விரும்புவது வேறு மூன்று இடங்களுக்கு: தஞ்சாவூர், சென்னை எழும்பூர், மதுரை. மூன்றும் தென்னாட்டு ரயில் பாதையில் உள்ளவை. இவற்றுக்கு ஸ்தல புராணம் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கருவியின் கதை இருக்கிறது. தஞ்சாவூரில் ஓர் ஊசி; எழும்பூரில் ஒரு சிறு துளைக் கருவி; மதுரையில் ஒரு சின்னஞ்சிறு வில்லை. கண் வைத்தியம் எப்படி வளர்ந்தது என்பதை இந்த மூன்றையும் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதோடு, ஒரு கருவியைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம், அது ஏழையின் கண்ணை எட்டுவது இன்னொரு காரியம் என்பதையும் இந்த ஊர்கள் நமக்குச் சொல்லும்.

தஞ்சாவூர் ஊசி

தஞ்சாவூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் சரஸ்வதி மஹால் நூல் நிலையத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஓலைச் சுவடிகளையும் பழைய சித்திரங்களையும் கண்டு வியந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தச் சுவடிகளுக்கு நடுவே கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புக்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இன்னாருக்கு இன்ன நோய், இன்ன மருந்து கொடுக்கப்பட்டது, சிகிச்சை இவ்விதம் நடந்தது என்ற விவரங்களோடு, நோயுற்ற கண்ணின் சித்திரமும் வரைந்து வைத்திருக்கிறார்கள். இவை 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆட்சி செய்த இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தவை. மன்னரே கண்புரைக்குச் சத்திர சிகிச்சை செய்தார் என்றும், மக்பீன் என்ற ஆங்கில வைத்தியர் அவருக்கு உதவியாக இருந்தார் என்றும் இந்தக் குறிப்புக்களைக் கொண்டு கூறுகிறார்கள்.

ராஜ்யத்தின் அதிகாரமெல்லாம் கும்பினியார் கைக்குப் போய்விட்ட காலம் அது. கோட்டைக்குள் பெயருக்கு அரசராக இருந்த ஒருவர் வேட்டையிலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்திருந்தால் யாரும் அதிசயப்பட்டிருக்க மாட்டார்கள். சரபோஜி புஸ்தகங்களைச் சேர்த்தார்; தன்வந்தரி மஹால் என்ற வைத்திய நிலையத்தை நடத்தினார்; ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ்ப் பரீக்ஷை செய்யச் சொன்னார். செங்கோலின் பலம் குறைந்துபோன காலத்தில் அவர் கருவிப் பெட்டியைக் கையில் எடுத்தார் என்று சொல்லலாம்.

அக்காலத்துக் கண் வைத்தியத்தில் தலையாய கருவி எது? ஊசிதான். அந்த ஊசியின் பூர்வோத்தரம் மிகப் பழையது. கண்ணின் கருமணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயது ஆக ஆக அது மங்கிப் பால் போல் வெளுத்துவிடுவதையே கண்புரை என்கிறோம். இதற்குரிய சிகிச்சையைச் சுசுருத சம்ஹிதை வெகு விரிவாக வர்ணிக்கிறது. நோயாளி உட்கார்ந்து தன் மூக்கையே பார்க்க வேண்டும். வைத்தியர் எதிரே அமர்ந்து, வாற்கோதுமையின் முனை போன்ற நுனியையுடைய சலாகையைக் கண்ணின் வெளிப்புறமாகச் செலுத்த வேண்டும். இடது கண்ணுக்கு வலது கை. வலது கண்ணுக்கு இடது கை. எதிரில் இருப்பவருடைய இடது கண்ணின் வெளிப்புறம் நமக்கு வலப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? அதனால்தான் இந்த விதி. சரியான இடத்தில் குத்தினால் ஒரு மெல்லிய ஓசையும் ஒரு துளி நீரும் வரும். உடனே தாய்ப்பால் தெளிக்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் நெய்யில் நனைத்த துணியைக் கட்டி மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம் ஒன்றும் கூடாது. இத்தனை நுட்பமாக எழுதி வைத்தவர்கள் கையாலும் செய்து பழகியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. நமது சித்தர் நூல்களும் கண்ணை அலட்சியம் செய்யவில்லை. நாகமுனிவர் பெயரால் வழங்கும் நயன விதி 96 வகைக் கண் நோய்களைக் கணக்கிடுகிறது.

ஆனால் இந்த ஊசி புரையை வெளியே எடுக்கவில்லை. மங்கிய வில்லையைப் பார்வையின் பாதையிலிருந்து ஒதுக்கிக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். வாசற்படியில் கிடந்த கல்லைப் புரட்டி வீட்டுக்குள்ளேயே போட்டது போன்ற காரியம். வெளிச்சம் உடனே உள்ளே வந்தது. கல்லோ உள்ளேயே இருந்து, பிற்பாடு வீக்கத்தையும் வலியையும் சில சமயம் முழுக் குருட்டையும் உண்டாக்கிற்று. ஐரோப்பாவிலும் வெகு காலம் இதே முறைதான். 1747-ஆம் வருஷத்தில் ஜாக் தாவியேல் என்ற பிரெஞ்சு வைத்தியர், ஊசியால் தள்ள முயன்று அது பலிக்காமற் போகவே, கருவிழியின் ஓரத்தைத் திறந்து புரையை வெளியே எடுத்தார். கண் வைத்தியத்தின் பாதை அங்கே திரும்பிற்று.

எழும்பூர்ச் செங்கல் மாளிகை

எழும்பூர் ரயில்வே ஸ்டேஷனில் தினந்தோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இறங்குகிறார்கள். பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில், உலகத்துக் கண் ஆஸ்பத்திரிகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இருக்கிறது. லண்டன் மாநகரத்தில் மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி 1805-ல் தோன்றியது. எகிப்து யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் கண் நோயோடு திரும்பியதுதான் அதற்கு முக்கிய தூண்டுதல். அதற்குப் பதினான்கே வருஷங்களுக்குப் பிறகு, 1819-ல், சென்னையில் ராயப்பேட்டையில் ரிச்சர்ட்ஸன் என்ற வைத்தியர் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பின்னர் அது எழும்பூருக்கு வந்தது. 2019-ல் இருநூறு வயது நிரம்பிற்று.

ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்கு இப்போது ருக்மிணி லக்ஷ்மிபதியின் பெயர். 1930-ல் வேதாரண்யத்து உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற அந்த வீரப் பெண்மணி, 1946-ல் சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார மந்திரியாக இருந்தவர். கண் ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்குச் சுகாதார மந்திரி ஒருவரின் பெயர் அமைந்தது பொருத்தமே. கூட்டத்தில் ஒருவருடைய கண் சிவந்தால் மறுநாளே ஊரெல்லாம் சிவந்துவிடும் வியாதிக்கு, ‘மெட்ராஸ் ஐ’ என்று தன் பெயரையே தானம் செய்த நகரம் அல்லவா இது? அந்த நகரத்துக்குக் கண் வைத்தியத்தில் வேறு புகழும் உண்டு என்பதை எழும்பூரில் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே எலியட் என்பவருடைய பெயரால் ஒரு காட்சிசாலை இருக்கிறது. எலியட்டிடம் வருவதற்கு முன், இப்படிப்பட்ட காட்சிசாலையில் நாம் காண வேண்டிய முதல் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குள் ஒரு பார்வை

பூனையின் கண் இருட்டில் பளபளப்பதைக் குழந்தைகளும் அறியும். மனிதனுடைய கருமணியின் நடுத்துவாரம் மட்டும் ஏன் எப்போதும் கறுப்பாக இருக்கிறது? உள்ளே புகுந்த வெளிச்சம், வந்த வழியே திரும்புகிறது. அந்த வழியில் நின்று பார்க்கலாமென்றால், நம் தலையே விளக்கை மறைத்துவிடுகிறது. ஆகையால் உயிரோடிருப்பவருடைய கண்ணின் உட்புறத்தை நூற்றாண்டுகளாக எந்த வைத்தியனும் பார்த்ததில்லை. பார்வை போய்விட்டது, ஆனால் கண் தெளிவாக இருக்கிறது என்றால், கைவிரிப்பதைத் தவிர வேறு வழியிராது.

ஜெர்மனி தேசத்தின் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் இந்தப் புதிரை விடுவித்தார். சாய்வாக வைத்த கண்ணாடித் தகடு ஒன்று விளக்கின் ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் திருப்பிவிடும். அதே தகட்டின் ஊடாக வைத்தியர் உள்ளே பார்க்கலாம். இவ்வளவுதான் யந்திரம். இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே, கணித யந்திரம் அமைக்கப் பாடுபட்ட சார்லஸ் பாபேஜ் ஏறக்குறைய இப்படியே ஒரு கருவியைச் செய்து, லண்டனில் ஒரு பிரசித்தி பெற்ற கண் வைத்தியரிடம் காட்டினார். அவர் அதன் அருமையை உணரவில்லை. கருவி மூலையில் கிடந்தது; புகழ் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குப் போயிற்று.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நூதனங்கள் வந்தன. 1862-ல் ஹாலந்து தேசத்து ஸ்னெல்லன், மேலே பெரிய எழுத்தும் கீழே வரவரச் சிறிய எழுத்துமாக அட்டையை அமைத்தார். நாம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறோமே, அதே அட்டைதான். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் வைத்தியர், கொக்கெய்ன் மருந்தைச் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டார். அந்தச் செய்தியை மகாநாட்டில் நேரில் போய்ச் சொல்ல அவரிடம் ரயில் சத்தத்துக்குப் பணமில்லை, வேறொருவர்தான் படித்தார். அதுவரையில் நோயாளியின் தலையையும் கைகளையும் பலசாலிகள் பிடித்துக்கொள்ள, வலியோடுதான் கண்ணில் கத்தி பட்டது. 1905-ல் நார்வே தேசத்து ஷியோட்ஸ், கண்ணின் அழுத்தத்தை அளக்கும் சிறு கருவியைச் செய்தார். 1911-ல் ஸ்வீடன் தேசத்துக் குல்ஸ்டிராண்ட், கத்தி முனை போன்ற ஒளிக்கீற்றால் கண்ணை ஏடு ஏடாகப் பிரித்துப் பார்க்கும் விளக்கை வெளியிட்டார். இப்போது கண் டாக்டரிடம் போனால், மோவாயை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுகிறாரே, அந்த விளக்குத்தான் அது.

கலிங்கு வைத்த வைத்தியர்

ராபர்ட் ஹென்றி எலியட் 1904-ல் சென்னைக் கண் ஆஸ்பத்திரியின் தலைமையை ஏற்றார். அவரிடம் வந்த நோயாளிகளில் பலர், ஊர் ஊராகத் திரிந்த புரை வைத்தியர்களிடம் ஏற்கெனவே ஊசி குத்திக்கொண்டவர்கள். சுசுருதர் காலத்துச் சாஸ்திரம் மறைந்து வெறும் ஊசி மட்டும் தங்கிவிட்டது. வைத்தியன் சந்தையிலோ மரத்தடியிலோ காரியத்தை முடிப்பான். புரை கீழே போனவுடன் விரலைக் காட்டி, “எத்தனை?” என்று கேட்பான். கிழவர் எண்ணிச் சொல்லுவார். சுற்றத்தார் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். கூலியை வாங்கிக்கொண்டு அவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான். சில நாளில் கண் சீழ் பிடிக்கும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். இவ்விதம் கெட்டுப்போன கண்களைச் சேகரித்து, அறுத்து ஆராய்ந்து, 1917-ல் லண்டனில் எலியட் பிரசங்கங்கள் செய்தார். அவை புஸ்தகமாகவும் வந்தன.

நம்முடைய பண்டைப் பெருமையைப் பேசும்போது இதையும் மறக்கலாகாது. சுசுருதரின் ஊசி அந்தக் காலத்தின் உச்சம். ஆனால் தாவியேல் புரையை வெளியே எடுத்து நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகும் நம் கிராமத்து ஏழைக்குக் கிடைத்தது அந்த ஊசிதான் என்றால், அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. கிராமத்தான் மூடத்தனத்தால் அங்கே போனான் என்று சொல்வதும் சரியன்று. ஊசிக்காரன் வீட்டு வாசலுக்கு வந்தான். ஆஸ்பத்திரியோ பல நாள் பிரயாணத்துக்கு அப்பால் இருந்தது. நல்ல கருவி தூரத்தில் இருந்தால் கெட்ட கருவிதான் ஆட்சி செய்யும்.

எலியட்டின் பெயரை உலகம் அறிந்ததற்கு வேறு காரணம் உண்டு. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசுங்கி, ஓசைப்படாமல் கண் அவிந்துவிடும். இதுதான் கிளாக்கோமா. ஏரி நிரம்பினால் கரை உடையாமலிருக்க நம் முன்னோர்கள் கலிங்கு வைத்தார்கள் அல்லவா? எலியட் கண்ணுக்கு ஒரு கலிங்கு வைத்தார். கருவிழியும் வெள்ளை விழியும் கூடும் ஓரத்தில், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கும் வட்டமான துளையைச் சிறு கருவியால் போட்டு, மேல்தோலால் அதை மூடி, நீர் மெல்லக் கசிந்து போக வழி செய்தார். 1909-ல் வெளியான இந்த முறை சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. எல்லாக் கருவிகளும் மேற்கேயிருந்து கிழக்கே வந்த காலத்தில், இது எதிர்த் திசையில் கப்பல் ஏறியது. செய்தவர் ஆங்கிலேயர். அவர் கற்றுக்கொண்டது எழும்பூருக்கு வந்த நம்மவர்களுடைய கண்களிலிருந்துதான்.

ஒரு வேடிக்கை: இந்த எலியட் பிற்காலத்தில் லண்டன் ஜாலவித்தைக்காரர்களின் சங்கத்தில் ஒரு விசாரணைக் கமிட்டிக்குத் தலைவரானார். இந்தியக் கயிற்று வித்தையை மெய்யாகவே செய்து காட்டுகிறவருக்கு 500 கினி பரிசு என்று 1934-ல் அறிவித்தார்கள். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆயுள் முழுதும் கண் திறக்கப் பாடுபட்டவர் கடைசியில் கண்கட்டு வித்தையை விசாரிக்கப் போனார்!

கண்ணப்பர் வழி

எழும்பூரின் கதை வெள்ளைக்கார டாக்டர்களோடு முடிந்துவிடவில்லை. கருவிழியே வெளுத்துப்போனால் ஊசியும் கத்தியும் பயன்படா. இறந்தவர் ஒருவருடைய தெளிந்த கருவிழியை எடுத்துப் பொருத்த வேண்டும். உலகில் இது முதன்முதல் நன்கு பலித்தது 1905-ல். எழும்பூரில் 1945-ல் கண் வங்கி ஏற்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. 1948-ல் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அங்கே இந்தச் சிகிச்சையை வெற்றியாகச் செய்தார்.

கண்ணைக் கொடுத்த கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடும் நாட்டில், ‘அங்கமின்றிச் சுடுகாட்டுக்கு அனுப்பலாமா?’ என்று தயங்குகிற குடும்பங்கள் இன்னும் பல. கண்ணப்பர் உயிரோடு இருக்கும்போதே பிடுங்கி அப்பினார். நம்மிடம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. உயிர் போன பின் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லி அனுப்பினால் போதும். முகமும் விகாரப்படாது.

மதுரை வில்லை

எழும்பூரில் கண் வைத்தியம் கற்றவர்களில் கோவிந்தப்ப வெங்கடசாமி ஒருவர். 1918-ல் பிறந்த அவர், ராணுவ வைத்தியராக இருந்தபோது கொடிய மூட்டுவாத நோய்க்கு ஆளானார். கைவிரல்கள் முறுக்கிய வேர்களைப் போல் கோணிப்போயின. பேனா பிடிப்பதே சிரமம். அத்தகையவர் கண் வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கிராமத்து முகாம்களிலுமாக அவர் செய்த சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பார்கள். 1976-ல், 58-ஆம் வயதில், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, இது நன்றாக நடக்கும் ஒரு தொழிற்சாலை என்பதே. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த நோயாளி மற்றொன்றில் தயாராகிவிடுகிறார். பூதக்கண்ணாடி யந்திரத்தைத் திருப்பிக்கொண்டு டாக்டர் அடுத்த கண்ணுக்குப் போகிறார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பழக்கி, டாக்டர் அல்லாதவர் செய்யக்கூடிய வேலை அனைத்தையும் அவர்களிடம் ஒப்புவித்திருக்கிறார்கள். பணம் கொடுக்கக் கூடியவர்கள் கொடுக்கிறார்கள். அந்த வருமானம் கொடுக்க முடியாதவர்களின் செலவைத் தாங்குகிறது. அமெரிக்காவில் மக்டொனால்ட் சிற்றுண்டிக் கடைகள் ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் நடப்பதைக் கண்டு, கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்கக் கூடாது என்று கேட்டவர் வெங்கடசாமி.

ஆனால் மதுரையின் பெரிய சாதனை ஒரு பருப்பின் அளவே உள்ளது. புரையை எடுத்துவிட்டால் கண்ணில் வில்லை இராது. அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக் கண்ணாடி போட வேண்டும். ‘சோடா புட்டிக் கண்ணாடி’ என்று பிள்ளைகள் பரிகாசம் செய்வார்களே, அதுதான். அதைப் போட்டால் உலகம் பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும், அது உடைந்தால் கிழவி மறுபடியும் குருடிதான். லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர், யுத்த விமானியின் கண்ணில் விமானத்து மூடியின் பிளாஸ்டிக் துணுக்குகள் தங்கியும் கண் புண்ணாகாததைக் கவனித்தார். 1949 நவம்பர் 29-ஆம் தேதி, அதே இனத்துப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். சக வைத்தியர்கள் பலர் வெகு காலம் அவரை எதிர்த்தார்கள். பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது.

உலகம் என்றால் பணமுள்ள உலகம். அந்நிய நாட்டு வில்லை ஒன்றின் விலை 100 டாலருக்கு மேல் இருந்தது. கூலிக்காரனுக்குச் சோடா புட்டியே கதி. 1992-ல் மதுரையில் ஆரோலாப் என்ற தொழிற்சாலையை நிறுவி, அந்த வில்லையை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கிற்று. மதுரை வில்லை பல தேசங்களுக்குப் போகிறது. சுதேசி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பழையதைப் பிடித்துக்கொண்டு புதியதை வெறுக்காமல், எங்கிருந்து வந்த வித்தையாயினும் கற்று, நம் ஏழைக்கு எட்டும் விலையில் நம் கையால் செய்து கொடுத்தார்கள்.

கணக்குப் பாருங்கள். தாவியேலின் முறை நம் கிராமத்தை எட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ரிட்லியின் வில்லை நாற்பத்துச் சொச்சம் வருஷங்களில் எட்டிற்று. அந்த இடைவெளியில் எத்தனை வீட்டுத் திண்ணைகளில் எத்தனை பெரியவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்!

இன்று மிஞ்சியிருக்கும் தூரம் பெரும்பாலும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. “புரை இன்னும் முற்றட்டும்” என்று பாட்டியை இரண்டு வருஷம் காக்க வைக்கிறோம். அது பழைய கருவிகளின் காலத்து விதி. இப்போது அவ்விதம் காத்திருக்க வேண்டியதில்லை. கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. போன பார்வை அதில் திரும்புவதுமில்லை. ஆகையால் நாற்பது வயது கடந்தவர்கள், முக்கியமாகப் பெற்றோர்க்கு அந்த நோய் இருந்தவர்கள், கண் அழுத்தத்தையும் நரம்பையும் பரீக்ஷை செய்துகொள்ள வேண்டும். அடுத்த தடவை மதுரைக்கோ சென்னைக்கோ பிரயாணம் செய்யும்போது, தரிசனப் பட்டியலில் கண் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.